இடதுபக்க வெள்ளைக் கோடு

உங்கள் ஜீப்பின் இடதுபக்க ஹெட்லைட் வலதுபக்கத்தைவிட நாலு விரல்கடை உயரமாக அடிக்கிறது. சற்றுமுன் நீங்கள் வந்து இறங்கியபோது கவனித்தேன். ஒன்று ஸ்டேஷன் படியில் விழுகிறது, இன்னொன்று வேப்பமரத்தில் காக்கைக் கூட்டைத் தேடுகிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். விளக்கு எரிந்தால் போதும், அது எங்கே அடிக்கிறது என்று யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

என்னிடம் நீங்கள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். எங்கள் தெருப் பென்னிக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்தவன் நான். அவனுக்குப் பார்வை மங்கி வந்தது எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்றீர்கள். கண் சரியில்லை என்று தெரிந்தும் காரை எடுத்தேன், பெரியபாளையத்துக்கு நடந்துபோன பூவம்மாளை இடித்துக் கொன்றுவிட்டேன் என்று அழுதுகொண்டே சொல்கிறானாம். வெறும் விபத்தாக இருந்தால் ஜாமீனில் வந்துவிடுவான், தெரிந்தே ஓட்டினான் என்றால் லேசில் வெளியே வர மாட்டான் என்று சொன்னதும் நீங்கள்தான்.

பேனாவைத் திறந்தும்விட்டேன். அப்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னீர்கள். "வண்டிய செக் பண்றவரு வந்து பாத்துட்டாருங்க. பிரேக் நல்லா கீது, லைட்டு நல்லா கீது, வண்டி மேல தப்பே இல்லன்னுட்டாரு." அதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன். லைட்டு நல்லா கீதாம். சுவிட்சைத் தட்டியிருப்பார், எரிந்திருக்கும், போயிருப்பார். அந்த மனிதருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டிரைவிங் ஸ்கூல் என்னுடையது. துளசிராமன் மாஸ்டர் என்றால் கோயில் வாசலில் வேப்பிலை விற்கிறவளுக்கும் தெரியும். தேர்வாய் கண்டிகையில் ஃபாக்டரிகள் வந்த பிறகு என் தொழில் நன்றாக நடக்கிறது. நேற்றுவரை சேற்றில் நின்றவர்களின் பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறார்கள், பழைய காராகப் பார்த்து ஒன்று வாங்குகிறார்கள், என்னிடம் வந்து எட்டுப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். கிளட்ச், கியர் எல்லாம் பிடித்துக்கொள்வார்கள். எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணு என்பது மட்டும் மண்டையில் ஏறாது. ஸ்டியரிங்குக்கு வலதுபக்கம் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட்டிருப்பார்கள். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்போது அந்தச் சக்கரத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் கேட்டால் அது ஏசிக்கு உள்ளது என்பார்கள்.

பென்னியும் அந்த ரகம்தான். தேர்வாயில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வான். அவன் அப்பா இம்மானுவேல் எங்கள் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர். என் அப்பாவின் புல்லட் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தாலே வரப்பில் இறங்கி ஒதுங்கி நின்றுவிடுவார். அதையெல்லாம் நான் பார்ப்பவன் இல்லை. காலம் மாறிவிட்டது. பென்னி எங்கள் தெருவிலேயே மனை வாங்கி வீடு கட்டியபோது, புதுவீட்டு ஜெபத்துக்கு என் மனைவி திலகவதி எவர்சில்வர் குடம் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று வேலை இருந்தது.

எங்கள் வீடு தெரு வந்து முட்டுகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே நுழைகிற எந்த வண்டியும் எங்கள் ஹாலைப் பார்த்துத்தான் வரும். பென்னி காரை வாங்கிய கையோடு விளக்கை மாற்றி வெள்ளை எல்.ஈ.டி. போட்டான். பகல் ஷிப்ட் முடிந்து இருட்டுகிற நேரத்துக்கு வருவான். அந்த வெளிச்சம் கேட்டில் ஏறி, ஜன்னலுக்குள் நுழைந்து, ஹாலில் மாட்டியிருக்கும் என் அப்பாவின் படத்தில் போய் நிற்கும். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பேன், அப்பாவின் முகம் வெள்ளையாகிவிடும், மீசைகூடத் தெரியாது. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னேன். "சாரி மாஸ்டர், இனிமே தெரு முனையிலயே ஆஃப் பண்ணிட்றேன்" என்றான். ரெண்டு நாள் பண்ணினான், பிறகு மறந்துவிட்டான். ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொல்வது என் வழக்கமில்லை.

கார்ச் சாவியை அவனேதான் கொண்டுவந்து கொடுத்தான். இது முக்கியம், நான் எதையும் திருடவில்லை. அவனுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் என்று ஷிப்ட் மாறும். நைட் வாரத்தில் பகல் முழுக்கத் தூங்குவான். தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்தால் அவன் காரை நகர்த்தினால்தான் திரும்ப முடியும். "தூங்கிக்கினு இருப்பேன் மாஸ்டர். கிறிஸ்டினாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லாரி வந்தா நீங்களே கொஞ்சம் நகத்தி வுட்டுடுங்க" என்று சாவியை என் கையில் வைத்தான். வைக்கும்போது இரண்டு கையாலும் வைத்தான். அப்பனுடைய பழக்கம்.

முதல் தடவை நான் செய்தது குற்றமே இல்லை. லாரிக்காகக் காரை நகர்த்தினேன், அந்தச் சின்னச் சக்கரத்தைப் பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன், இறங்கிவிட்டேன். அடுத்த வாரம் அவன் பகல் ஷிப்ட் முடிந்து வந்தபோது வெளிச்சம் ஜன்னலுக்குக் கீழே, காம்பவுண்டுச் சுவரில் விழுந்தது. அதுதான் இருக்க வேண்டிய உயரம். அங்கேயே நிறுத்தியிருந்தால் நீங்கள் எனக்கு மாலை போட வேண்டும். பென்னி கவனிப்பான் என்று காத்திருந்தேன். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று என்ற எண் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவன் கவனிக்கவே இல்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காதவனுக்கு அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பானட்டைத் திறந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். டிம், பிரைட் இரண்டும் ஒரே கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பதால் கிண்ணத்தைச் சாய்த்தால் இரண்டும் சாயும். ஒரேயடியாகத் திருப்பினால் எந்த முட்டாளும் கண்டுபிடித்துவிடுவான். நைட் வாரம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திருப்பினேன். நல்ல வெயிலில், தெருவே பார்க்கத்தான் செய்தேன். அவன் தன் வீட்டில் ஃபேன் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருப்பான். திலகவதி ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிய இவரே பாத்துக்கினு கீறாரு" என்று கிறிஸ்டினாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு கேக் வந்தது. நன்றாகவே இருந்தது.

எனக்கு அளவுகோல் எங்கள் சுவர்தான். வெளிச்சத்தின் மேல்விளிம்பு முதலில் சுவரின் பாதியில் நின்றது. பிறகு செம்பருத்தியின் வேருக்கு இறங்கியது. ஆனி முடிவதற்குள் சுவரைத் தொடவே இல்லை, அவன் பம்பருக்கு முன்னால் தெருவில் சிந்திய மோர் மாதிரிக் கிடந்தது. அப்பாவின் படம் பழையபடி நிம்மதியாக இருந்தது. என் தேவை அங்கேயே முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அதற்குள் அது படத்தைப் பற்றிய விஷயமாக இல்லை.

புத்தியுள்ளவன் ரோடு தெரியாவிட்டால் இறங்கி விளக்கைப் பார்ப்பான். பென்னி கண்ணாடி முன்னால் போய் நின்று தன் கண்ணைப் பார்த்தான். ஒருநாள் சாவி கொடுக்க வந்தவன் போகாமல் கேட்டருகிலேயே நின்றான்.

"இன்னாடா?" என்றேன்.

"கண்ணு இன்னாமோ ஆயிட்ச்சு மாஸ்டர். முன்னல்லாம் தூரத்துல மாடு குறுக்க வந்தாக்கூடத் தெரியும். இப்ப பக்கத்துல வந்தாதான் தெரியுது. அதுக்கு அப்பால ஒரே கறுப்பா கீது."

"வண்டில லைட்டு ஏதாவது கோளாறா?" என்று நானே கேட்டேன். அவனுக்கு நான் வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைக் கவனியுங்கள்.

"வண்டியதான் நீங்க பாத்துக்கிறீங்களே மாஸ்டர்" என்றான்.

இப்படிப்பட்டவனை என்ன செய்வது, சொல்லுங்கள். அவனுக்கு இருந்த பயமெல்லாம் வேலையைப் பற்றி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு வேலையே நிற்குமா என்று தெரியாது. திருவள்ளூருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். சந்தோஷமாக வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தான். டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சில சமயம் மிஷின்ல தெரியாதுடா. பகல்ல நல்லாதான் இருக்கும், பொழுது சாஞ்சா மங்கும்" என்றேன். மாலைக்கண் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொண்டான். படித்தவர் சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. திலகவதி பொன்னாங்கண்ணிக் கீரையைக் கடைந்து தூக்கு நிறைய அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டிலும் தினம் அதுதான், எனக்கு அலுத்துவிட்டது. கிறிஸ்டினா சர்ச்சில் எல்லோரையும் அவன் கண்ணுக்காக ஜெபிக்கச் சொன்னாளாம். பென்னி கோயில் கடைத்தெருவில் தொங்குகிற கண்ணாடிகளில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான். அதைப் போட்ட பிறகு உண்மையிலேயே மங்கலாகத் தெரிந்திருக்கும். ஒரு தெருவே சேர்ந்து ஒரு ஸ்க்ரூவுக்கு வைத்தியம் பார்த்தது. இவர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், கார் ஓட்டுகிறார்கள்.

ஆடி பிறந்ததும் ஒரு மாலை வந்தான். "ஒரு தபா கூட வாங்க மாஸ்டர். நான் ஓட்றது சரியா கீதான்னு பாத்துச் சொல்லுங்க. ஆவாதுன்னா காரை வித்துட்றேன், கம்பெனி பஸ்ஸுலயே போறேன்" என்றான். அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் பார்த்தேன், பம்பருக்கு முன்னால் ஒரு துண்டு வெளிச்சம், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. இரண்டு தடவை என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. பென்னி ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு மாட்டுவண்டியைவிட மெதுவாக ஓட்டினான். வியர்வை மூக்கில் இறங்கிக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது.

"உங்களுக்குத் தெரியுதா மாஸ்டர்?"

"பளிச்சுன்னு தெரியுதேடா" என்றேன்.

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். சத்தம் வராமல் அழுதான். "சரி மாஸ்டர், வித்துட்றேன்" என்றான். அப்படியே விட்டிருந்தால் விற்றிருப்பான். பூவம்மாள் அம்மனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருப்பாள். ஆனால் விற்றுவிட்டால் அவனுக்கு என்ன புரியும்? தன் தப்பு என்ன என்று கடைசிவரை தெரியாமலே பஸ்ஸில் போய்வருவான். ஒரு மாணவனை அப்படி அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை.

"இதுக்கெல்லாம் வண்டிய விப்பாங்களா? தூரமா பாக்காதே. இடதுபக்கம் வெள்ளக் கோடு கீது பாரு, அத மட்டும் பாரு. டயர அது மேல வுட்டுப் புடிச்சிக்கினே போ. கோடு போற எடத்துக்குத்தான் ரோடும் போவும். இப்டி ஊர்ந்துக்கினு போனா பின்னாடி வர்றவன் வந்து இடிப்பான், நல்லா அழுத்து" என்றேன்.

எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசினால் ஒரு நொடி சமாளிப்பதற்காக நான் வகுப்பில் சொல்லித்தருவது அது. வீடுவரை அப்படி ஓட்டச் சொல்லி யாரிடமும் சொன்னதில்லை. அவன் அங்கேயே பழகிக்கொண்டான். திரும்பி வரும்போது வேகம் கூடியது, முகமும் தெளிந்தது. "எப்டி மாஸ்டர் இதெல்லாம் உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டான்.

ஆடியில் எங்கள் ஊர்ப் பவானி அம்மனுக்கு நடந்து வருகிறவர்கள் செருப்புப் போடுவதில்லை. பகலில் தார் சுடும், ஜல்லி குத்தும். அதனால் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். பெயின்ட் வழவழப்பாக இருக்கும், சூடும் குறைவு. பொழுது சாய்ந்து தார் ஆறிய பிறகும், பழகிய கால் கோட்டை விடாது. ஜீப்பில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. பென்னியிடம் கோட்டைப் பிடி என்று சொன்னபோது இது என் நினைவில் இருந்ததா என்பதுதானே? இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று காலையில்தான் என்னிடம் படிக்கிற நர்மதா கோட்டை ஒட்டி ஓட்டினாள் என்று திட்டினேன். "ஆடி மாசம்மா, கோட்டு மேல சனங்க நடப்பாங்க, உள்ள தள்ளி ஓட்டு" என்று சொன்னேன். கூப்பிட்டுக் கேளுங்கள், அந்தப் பெண் பொய் சொல்ல மாட்டாள்.

விபத்து நடந்தது பகல் ஷிப்ட் வாரத்தில். பென்னி வேலை முடிந்து இருட்டில் வந்துகொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்து வந்த கூட்டத்தில் பூவம்மாள் கடைசி ஆள். மஞ்சள் புடவை, தலையில் பொங்கல் சாமான் மூட்டை. இடித்ததும் அவன் கிறிஸ்டினாவைக் கூப்பிடவில்லை, முதலில் எனக்குத்தான் போன் செய்தான். "கோட்டதான் மாஸ்டர் பாத்துக்கினு வந்தேன். கோடு மட்டும்தான் தெரிஞ்சுது. அப்புறம் கோட்டு மேல ஒரு காலு தெரிஞ்சுது" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு என் பைக்கில் போனேன். அதற்குள் அந்த அம்மாள் மேல் யாரோ துண்டைப் போர்த்தியிருந்தார்கள். கூட்டமெல்லாம் அங்கே நின்றது, கார்ப் பக்கம் ஒருவரும் இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது, ஸ்க்ரூடிரைவர் என் பைக்கில் இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி ஏற்றி வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் தொடவில்லை. வண்டியைப் பரிசோதிக்க வருகிறவர் பானட்டைத் திறப்பார், ஸ்க்ரூவைப் பார்ப்பார், யார் வேலை இது என்று கேட்பார் என்று நம்பினேன். எத்தனை வாரத்து வேலை அது. தொழில் தெரிந்த ஒரே ஒரு மனிதனாவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பான் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

நேற்றுக் காலையில் கிறிஸ்டினா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு உள்ள எதுவும் சாப்புடறதே இல்லையாம் மாஸ்டர். கண்ணு போனா போவட்டும், ஆளு ஊடு வந்தா போதும். நீங்க சொன்னா இன்ஸ்பெக்டரு கேப்பாரு" என்றாள். திலகவதி என் பின்னால் நின்றிருந்தாள். கிறிஸ்டினா போன பிறகு, "அந்த வண்டில நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். லைட்டைச் சரிபண்ணினேன் என்றேன். செருப்பைக்கூட மாட்டாமல் கிறிஸ்டினா வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் வரவில்லை. இந்தப் பெண்களுக்கு எதையும் நிதானமாகக் கேட்கும் பழக்கம் கிடையாது.

கார் உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஏதாவது ஒரு சுவரிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தி விளக்கைப் போடச் சொல்லுங்கள், சுவரில் ஒன்றும் விழாது. சக்கரமும் இன்னும் மூன்றிலேயே இருக்கும். பென்னியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அதை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். என்னை அவன் எதிரே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நிற்பான், எனக்கு அது பிடிக்காது.

பூவம்மாளைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. பென்னி கவனக்குறைவாக ஓட்டினான் என்று உங்கள் எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி வைத்திருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அன்று நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். டயர்த் தடம் நெடுகக் கோட்டின் மேலேயே வந்திருக்கிறது, ஒரு விரல்கூட விலகவில்லை. என்னிடம் படித்தவர்களில் இவ்வளவு சுத்தமாக ஓட்டியவன் வேறு யாருமில்லை.